புளிச்சோறும் சயாம் பெர்மிட்டும்

சயாமுக்குப் போகச் செல்லாயி லீவு கேட்டிருக்கிறாள் என்று தெரிந்ததும் லயத்தின் வரிசை வீடுகள் அத்தனையும் சிரித்தன. சிரிக்காமல் என்ன செய்யும்? மலாயாவில், கோலா கெத்தில் ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் இருபது வருஷமாகப் பால்மரம் சீவுகிறவள். குருண் டவுனைத் தாண்டி ஒரு அடி வைத்ததில்லை. அவள் சயாமில் ஹாட்ஜாய் டவுனுக்கு ஹாலிடே போகிறாளாம்! அதுவும் எந்தக் காலத்தில்? தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி, கேட்டில் போலீஸ். காட்டில் பதுங்கியிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேருமென்று ஒரு பிடி அரிசியைக்கூட வெளியே விடாத 1952இல்.

"ஏண்டி, தொரைசானி ஆயிட்டியா?" என்றாள் அடுத்த வீட்டு அழகம்மா. "அங்க இப்ப அடைமழையாம்ல?"

"மழையைப் பாக்கத்தான்க்கா போறேன். இங்க பேஞ்சா வேலை இல்ல, சம்பளம் இல்ல. வயித்தெரிச்சல் இல்லாம ஒரு மழையைப் பாக்கணும்."

அது அவள் சொந்தப் பேச்சில்லை. புருஷன் முனியாண்டியின் பேச்சு. கல்யாணமான புதிதில், மழையால் வேலை நின்ற ஒரு காலையில் அவன் போட்ட திட்டம் அது. சுங்கை பட்டாணியில் ரயிலேற வேண்டும். ஹாட்ஜாயில் மூன்று நாள் தங்க வேண்டும். காப்பிக்கடையில் உட்கார்ந்து, வேறொருவன் ஆக்கிப் போட்டதைச் சாப்பிட்டுக்கொண்டு, மழையைச் சும்மா வேடிக்கை பார்க்க வேண்டும். பெரிய ஜமீன்தார் நினைப்பு அந்த மனுஷனுக்கு!

முனியாண்டி சயாமுக்குப் போகத்தான் செய்தான். தனியாக. ஜப்பான்காரன் காலத்தில், ரயில் தண்டவாளம் போட மூன்று மாசம்தான் என்று சொல்லி லாரியில் ஏற்றினார்கள். வழிக்குக் கட்டிக்கொடுக்கச் செல்லாயி புளிச்சோறு கிளறிக்கொண்டிருந்தாள். அதற்குள் லாரி வந்துவிட்டது. "எடுத்து வை புள்ள, வந்து சாப்பிடுறேன்" என்று வெறும் வயிற்றோடு ஓடினான். அந்தப் புளிச்சோறு ஒன்பது வருஷமாக அவள் நெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது.

தோட்டத்திலிருந்து போன பதினேழு பேரில் திரும்பியவன் அம்மாசி ஒருவன்தான். அவனும் பாதி ஆளாகத்தான் வந்தான். "கடைசியா காய்ச்சல்ல படுத்திருந்தான், தங்கச்சி. ஒரே மழை. என்னை வேற முகாமுக்கு ஓட்டிட்டானுங்க. அப்புறம் தெரியல."

தெரியல என்றுதானே சொன்னான்? செத்துவிட்டான் என்று சொல்லவில்லையே! அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு செல்லாயி பொட்டை அழிக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை. யாராவது துக்கம் விசாரிக்க வாயெடுத்தால் கடித்துக் குதறிவிடுவாள். சயாமில் எங்கேயோ புத்தி தடுமாறி அலைகிறான், நாம் போய் நின்றால் அடையாளம் தெரியும். இப்படி ஒரு கணக்கு அவளுக்கு.

ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி பரஞ்சோதிக்கு மட்டும் இது தெரியும். பெர்மிட்டுக்கு மனு எழுதியவன் அவன்தான். "புருஷனைத் தேடன்னு எழுதினா ஆயிரம் கேள்வி கேப்பான்க்கா. ஹாலிடேன்னு போடுறேன் லா." நாலு மாசம் அலைக்கழித்துப் பெர்மிட் வந்தது.

புறப்படும் நாள் காலையில் செல்லாயி செய்தது பைத்தியக்காரத்தனம்தான். கேட்டில் சோதனை என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் ரேஷன் அரிசியில் புளிச்சோறு கிளறி, நெத்திலி பொரித்து வைத்து, இலையில் கட்டிப் பெட்டியில் சேலைகளுக்கு நடுவே சொருகினாள். வெறுங்கையோடு எப்படிப் போய் நிற்பாள் அவன் முன்னால்?

சோதனைக்காரப் பெண் பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். வெளியே சுங்கை பட்டாணி பஸ் உறுமிக்கொண்டிருந்தது. மலாய் இன்ஸ்பெக்டர், சோறு யாருக்கு என்று கேட்டார். மொழிபெயர்க்கப் பரஞ்சோதி ஓடி வந்தான்.

"என் வீட்டுக்காரருக்கு" என்றாள் செல்லாயி.

"புருஷன் எங்கேன்னு கேக்கறாரு."

"சயாம் காட்டுல."

பரஞ்சோதிக்கு முகம் வெளுத்தது. அதை மலாயில் சொல்லாமல் அவள் காதருகே குனிந்தான். "அக்கா, காட்டுல இருக்காருன்னா கம்யூனிஸ்டுன்னு உங்களை உள்ள தள்ளிருவாங்க. செத்துப் போனவருக்குப் படையல்னு சொல்லுங்க, விட்டுருவாரு. ஒரே ஒரு வார்த்தைக்கா. பஸ் நிக்குது லா."

இன்ஸ்பெக்டர் அவள் நெற்றிப் பொட்டைப் பார்த்தார். "புருஷன் இருக்கானா, இல்லையா? அவளே சொல்லட்டும்."

ஒன்பது வருஷம் யாரையும் சொல்லவிடாத வார்த்தை. இதைச் சொன்னால்தானே அவனைப் பார்க்கப் போக முடியும்? செல்லாயி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"செத்துட்டாரு" என்றாள்.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. ஐயோ, என்று அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அம்மாசி சொன்ன காய்ச்சலும் மழையும், திரும்பாத பதினாறு பேரும், இத்தனை நாள் வாசலில் நிறுத்தி வைத்ததெல்லாம் மொத்தமாக உள்ளே புகுந்துகொண்டன. தரையில் உட்கார்ந்து, மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அந்த அழுகைக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. இன்ஸ்பெக்டர் சோற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, பெர்மிட்டை அவள் மடியில் வைத்தார்.

பஸ்காரன் ஹாரன் அடித்தான். பரஞ்சோதி பெட்டியைத் தூக்கிக்கொண்டான். "எழுந்திரிங்கக்கா. விட்டுட்டாங்க. போயிட்டு வாங்க."

செல்லாயி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். நெற்றியையும் சேர்த்துத் துடைத்தாள்.

"யாரைப் பாக்கப் போறது தம்பி?" என்று கேட்டுவிட்டு, பெட்டியை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு லயத்துக்குத் திரும்பி நடந்தாள்.