ஒரே மரத்தில் ஏழு வெட்டு

சும்மா இருப்பதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறேன். என்னால் ஐந்து நிமிடம் சும்மா உட்கார முடியாது என்பது என் மனைவிக்கும், சினிமாவில் எனக்குக் குருவாக வாய்த்தவருக்கும் மட்டுமே தெரியும்.

குரு இங்கே மலேசியாவில், லுக்குட் ஊரில் கல்யாண வீடியோ எடுப்பவர். என்னைவிட முப்பது வயது சின்னவர். ஓய்வு பெற்றபின் குறும்படக் கிறுக்குப் பிடித்துப் போன எனக்கு அவர் சொல்லித் தந்தது ஒன்றுதான். "சார், கேமராவ வெச்சிட்டு கம்முனு உக்காருங்க. நடக்கறது நடக்கட்டும் லா."

ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் ஓர் அம்மாவைப் படமெடுக்கப் போனேன். நான் அங்கே கணக்கு பார்த்த பழைய கிராணியின் மகன். பால் கத்தியைத் தொட்டதில்லை. தொட்டவர்களுக்கு உத்தரவு போடும் பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

மரத்துக்கு ஒரு நாளில் ஒரு வெட்டுதான். பட்டையை மெல்லச் சீவ வேண்டும். ஆழமாகப் போனால் மரம் புண்ணாகும். இது எனக்கும் தெரியும். ஆனாலும் வெளிச்சம் சரியில்லை, இன்னொரு தடவை என்றேன்.

"மரம் தாங்காது ஐயா."

"ஒரே ஒரு தடவம்மா."

கிராணி வீட்டுப் பிள்ளையிடம் எப்படி மறுப்பார்? ஏழு முறை வெட்டினார். ஏழாவதில் கத்தி பட்டையைத் தாண்டிக் கட்டையில் இறங்கியது.

அந்நேரம் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் மோட்டார் சைக்கிளில் வந்தார். நான் கேமராவைக் காரில் வைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் மெதுவாகவே வைத்தேன். "குடிச்சிட்டு வந்தியா?" என்று அவர் கேட்டது காதில் விழுந்தது. அந்த அம்மா என் பக்கம் பார்த்தார். நான் வாய் திறக்கவில்லை. அந்த அம்மா வெட்டிய மரங்களை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டு, அவரைப் புல் வெட்டப் போட்டார்கள்.

சிரம்பானில் படத்தைத் திரையிட்டபோது எல்லாரும் கைதட்டினார்கள். குரு மட்டும், "ஒரு மரத்துல எத்தன வெட்டு சார்?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார்.

மூன்று ஆண்டுகள் கழித்து, போன வாரம், கேமரா இல்லாமல் அந்த மரத்தின் முன் போய் உட்கார்ந்தேன். காயம் முண்டும் முடிச்சுமாக மூடியிருந்தது. அரை மணி நேரத்தில் ஞானம் வரவில்லை, கொசு வந்தது. பிறகு அந்த அம்மா வந்தார்.

"என்னா ஐயா, கேமரா எங்க?"

"கொண்டு வரல."

"அப்ப இன்னிக்கு மரம் பொழச்சிக்கும்."

"தப்பு என்னுதுன்னு மண்டோர்கிட்ட சொல்லிடுறேம்மா."

"அவரு ரிட்டயராயி போயிட்டாரு. புது ஆளுக்குத் தமிழ் தெரியாது, மலாய்ல சொல்லுங்க." முன்னால் நடந்தார். "ஒரே தடவைல சொல்லிடுங்க. இன்னொரு தடவன்னு நான் கேக்க மாட்டேன்."

சொன்னேன். மலாய் தடுமாறியது, நடுவில் ஒரு லாரி வேறு போனது. "பார்க்கலாம்" என்றார் புது மண்டோர். திரும்பினால் அந்த அம்மாவைக் காணவில்லை. பழைய பால் கத்தியைத் தேட வீட்டுக்குப் போயிருந்தார்.