முழு நிமிடம்

"இன்னும் ஏழு தடவை," என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு அவள் மறுபடி படியேறத் தொடங்கினாள். பின்னால் பதினொரு பேர். ஒவ்வொருவர் முதுகுப் பையிலும் பாரத்துக்காகப் பழைய விடைத்தாள் கட்டு ஒன்று. அவள் பையில் இரண்டு. தரையிலிருந்து மொட்டை மாடிக்கு எண்பத்து நான்கு படிகள்.

"டீச்சர், பெயிலான பேப்பரெல்லாம் என் பையில வெச்சிட்டீங்க போல. முதுகு உடையுது."

"உன் பேப்பர்ல எழுதினதே இல்லையேடா. எப்படிக் கனக்கும்?"

சிரிப்பு கீழ்மாடி வரை உருண்டு போனது. அது அடங்கும் முன் அவள் அடுத்த வளைவுக்குப் போய்விட்டாள்.

முப்பத்தொரு வருடமாக அந்தப் பள்ளியில் விளையாட்டு டீச்சர். பிள்ளைகள் வைத்த பெயர் பம்பரம். சாப்பிடுவது நின்றபடி, பேப்பர் படிப்பது நடந்தபடி. பஸ் டிப்போவில் நேரம் குறிக்கும் வேலை பார்க்கும் கணவர், "அந்த நாற்காலிக்கும் கொஞ்சம் மரியாதை குடேன்," என்பார். "உக்காந்தா துருப்பிடிச்சிடும்," என்பாள்.

வானம் தெளிந்த நாட்களில் மொட்டை மாடியிலிருந்து மலை தெரியும். மூன்று வருடத்துக்கு முன் இதே போல ஒரு கூட்டத்தை அந்த மலைக்கு அழைத்துப் போனாள். உச்சிக்கு ஒரு மணி நேரம் இருக்கையில் ஒரு பையன் தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். காலையிலேயே வலித்ததாம், சொல்லவில்லை. அவனைக் கூட்டிக்கொண்டு அவள் இறங்கினாள். மற்றவர்கள் வழிகாட்டியோடு போய் உச்சியைத் தொட்டுவிட்டு வந்தார்கள். ஏறாமல் விட்ட அந்த ஒரு மணி நேரம் அவளுக்குள் செருப்பில் புகுந்த கல்லாகக் கிடந்தது. இந்த வருடம் முடிந்தால் ஓய்வு. இப்போது விட்டால் விட்டதுதான்.

அந்தப் பையனுக்கு அப்புறம்தான் சிவப்பு மையில் ஒரு தாள் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினாள். கடைசி முகாமில், கிளம்பும் முன் பத்து நிமிடம் படுக்க வேண்டும். பிறகு நாடி பார்க்க வேண்டும். நூற்றிருபதைத் தாண்டினால் யாராக இருந்தாலும் அங்கேயே தங்க வேண்டும். 'யாராக இருந்தாலும்' என்பதன் கீழ் இரண்டு கோடு.

தினமும் படியேற்றம் முடிந்ததும் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து ஒருவர் நாடியை ஒருவர் எண்ணி நோட்டில் குறிப்பார்கள். பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்கிவிட்டு ஓடுவார்கள். ஒருத்தி மட்டும் முழு நிமிடமும் எண்ணுவாள். அவளுக்குப் பெயர் ஆமை. அவளோடு சேர யாருக்கும் பொறுமை இல்லை. பதினொரு பேரில் மிஞ்சுவது எப்போதும் ஆமைதான். ஆகவே டீச்சர் தன் மணிக்கட்டையே நீட்டினாள்.

"நாலால பெருக்கிக்கோயேம்மா. எனக்கு வேலை கெடக்கு."

"பேசாதீங்க டீச்சர். இன்னும் இருபது செகண்ட் இருக்கு."

டீச்சரின் கால் கட்டைவிரல் ஷூவுக்குள் தாளம் போட்டுக்கொண்டிருக்கும்.

கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போது டீச்சருக்கு இருமல் பிடித்தது. பள்ளியில் கைக்குட்டைக்குள் அடக்கிக்கொண்டாள். வீட்டில் அடக்க முடியவில்லை.

"இதோட மலை ஏறப் போறியா?" என்றார் கணவர்.

"மலைக்கா காது கேக்கப் போவுது?"

"எனக்குக் கேக்குதே."

அவள் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்த்தாள். தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தாள்.

ஏற்றம் மூன்று நாள். முதல் நாள் அவள் நாடி தொண்ணூற்றாறு. இரண்டாம் நாள் நூற்றுப் பன்னிரண்டு. மூன்றாம் நாள் கிழக்கு வெளுக்கும்போது, கடைசி முகாமின் மரக்குடிசையில் எல்லோரும் பலகைமேல் மல்லாந்திருந்தார்கள். "எண்பத்தெட்டு!" "நூத்தி நாலு!" என்று குரல்கள் எழுந்தன. பையின் வார்களை இழுத்துக் கட்டும் சத்தம். ஜன்னலில் உச்சி, கை நீட்டினால் எட்டிவிடும்போல இருந்தது. டீச்சர் ஷூவோடு படுத்திருந்தாள்.

ஆமை மணிக்கட்டை விட்டாள். "நூத்தி முப்பத்தொண்ணு டீச்சர்."

"வெளிய நடந்துட்டு வந்தேன்ல, அதான். மறுபடி எண்ணு."

இன்னொரு பத்து நிமிடம். மற்றவர்கள் வாசலுக்குப் போய்விட்டார்கள்.

"நூத்தி முப்பத்து மூணு."

டீச்சர் எழுந்து உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்தினாள். "நூத்திப் பத்துன்னு போடும்மா. உனக்கும் எனக்கும் தவிர யாருக்குத் தெரியப்போவுது?"

ஆமை பென்சிலைப் பார்த்தாள். பிறகு நோட்டை நீட்டினாள். "நீங்களே எழுதிக்குங்க டீச்சர். நான் எழுதினா நான் எண்ணினதா ஆயிடும்."

நீட்டிவிட்டுத் திரும்பி உட்கார்ந்து, ஏற்கெனவே கட்டியிருந்த ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டத் தொடங்கினாள். அந்த முதுகு திரும்பவே இல்லை.

"எல்லாம் ரெடியா?" என்று வழிகாட்டி வாசலிலிருந்து கேட்டார்.

டீச்சர் ஒன்று போட்டாள். அடுத்த எண்ணுக்குப் பென்சில் நின்றது. மார்புக்குள் இருமல் ஏறி வந்தது. அதை விழுங்கினாள். மூன்று போட்டாள். இன்னொரு மூன்று போட்டாள். காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்தம்.

வழிகாட்டி நோட்டை வாங்கிப் பார்த்தார். "நீங்க இருங்கக்கா. நான் பத்திரமா கூட்டிட்டு வந்துடறேன்," என்றார். அவ்வளவுதான் பேச்சு.

ஆறு மணி நேரம். படுத்தாள், எழுந்தாள். பலகைகளை எண்ணினாள், ஐம்பத்தெட்டு. திரும்ப எண்ணினாள், ஐம்பத்தேழு. ஷூவைக் கழற்றினாள், போட்டாள். முகாம் சமையல்காரர் கரண்டியோடு எட்டிப் பார்த்தார். "அம்மா, மலை எங்கயும் ஓடாது. நீங்க ஓடாதீங்க. பலகை தேஞ்சா எனக்குத்தான் திட்டு."

"எத்தனை மணி?"

"இப்பதானே கேட்டீங்க?"

நண்பகலுக்குப் பத்துப் பேர் கத்திக்கொண்டே வந்து சேர்ந்தார்கள். நாற்பது நிமிடம் கழித்து வழிகாட்டியோடு ஆமை வந்தாள். மூக்கு தோலுரிந்து சிவந்திருந்தது.

"தொட்டியா?"

"தொட்டேன்."

"மேல என்ன இருந்துச்சு?"

ஆமை யோசித்தாள். "எடமே இல்ல டீச்சர். எல்லாரும் நின்னு முடிச்சப்புறந்தான் நான் நிக்க முடிஞ்சுது." பிறகு கையை நீட்டினாள். "எறங்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துடலாம்."

டீச்சர் மணிக்கட்டைக் கொடுத்தாள். கால் கட்டைவிரல் தாளம் போட்டுக்கொண்டேயிருந்தது. அன்றே கீழ் முகாமுக்கு இறங்கிவிட்டார்கள்.

மறுநாள் காலை எட்டுக்குக் கிளம்பி பதினொன்றரைக்கு அடிவாரம் வந்தார்கள். வேன் அரை மணி நேரம் தாமதம். வழியில் இரண்டு பேர் தூங்கினார்கள், ஒருவன் வாந்தி எடுத்தான். நாலு மணிக்குப் பள்ளி. பெற்றோர் வந்து பிள்ளைகளை அழைத்துப் போனார்கள். டீச்சர் படியேற்றத்துக்குச் சுமந்த பதின்மூன்று விடைத்தாள் கட்டுகளையும் கிடங்கு அறையில் அடுக்கிப் பூட்டினாள், சாவியை அலுவலகத்தில் கொடுத்தாள். போகும் வழியில் பார்த்த டாக்டர் மார்பில் சளி என்று ஐந்து நாள் மாத்திரை எழுதினார், நடக்கக் கூடாது என்றார். அவள் வீட்டுக்கு நடந்தே போனாள். கணவருக்கு அன்று இரண்டாவது ஷிப்ட். சாப்பாட்டை மூடி வைத்திருந்தார். நின்றபடி சாப்பிட்டாள்.