விளக்கெல்லாம் எரிந்தது

ஆறாயிரத்து இருநூறு பவுண்டு. வெர்லா ஹாகனின் வீட்டு எடை அது. தன் வீடு எவ்வளவு கனம் என்று பலருக்குத் தெரியாது. சக்கரத்தின் மேல் குடியிருப்பவர்களுக்கு அது பிறந்த தேதி மாதிரி நாக்கு நுனியில் நிற்கும். கட்டில், அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, டெல்மரின் தூண்டில்கள் எல்லாம் சேர்த்து, தண்ணீர்த் தொட்டி காலியாக இருக்கும்போது எடுத்த கணக்கு.

வெர்லாவுக்கு அறுபத்துமூன்று வயது. பாதி ஆயுள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் போனது. கணவர் டெல்மர் நோயில் விழுந்தபோது நகரத்து வீடு கையை விட்டுப் போய், மிஞ்சியதில் வாங்கியது வண்டிக்குப் பின்னால் கட்டி இழுக்கும் இந்த டிரெய்லர் வீடு. கோடையில் எங்கள் ஐடஹோ மலைமேல் ஆற்றங்கரைச் சுற்றுலா முகாமுக்கு வெர்லாதான் காவல். கழிப்பறை கழுவுவார், விறகு விற்பார், நாயைக் கட்டி வைக்காதவர்களோடு மல்லுக்கு நிற்பார். குளிர்காலத்தில் டிரெய்லரை இழுத்துக்கொண்டு தெற்கே வெயில் காயும் அரிசோனா போய்விடுவார். டெல்மர் இறந்த பிறகும் ஏற்பாடு மாறவில்லை. வேறு வீடு இல்லை.

இந்த செப்டம்பரில், டிரெய்லரை இழுத்துவந்த டெல்மரின் பழைய டிரக் எஞ்சின் வெடித்துச் செத்தது. அக்டோபரில் முதல் பனி விழுவதற்குள் முகாம் கேட்டைப் பூட்டிச் சாவியை ஒப்படைக்க வேண்டும். அதற்குப் பிறகு அந்தச் சாலையில் பனி அள்ள யாரும் வருவதில்லை. டிரெய்லர் மேலேயே மாட்டிக்கொண்டால் மே வரை அதில் மனிதர் இருக்க முடியாது.

முகாமுக்கு விறகு கொண்டுவரும் ராய்ஸ் டட்டில் உதவிக்கு வந்தார். பள்ளத்தாக்கில் வைக்கோலுக்குப் புல் பயிரிடுபவர். மனைவியைப் பறிகொடுத்தவர், வாய் ஓயாதவர்.

"என் பிக்கப் வண்டியில கட்டி இழுத்துட்டு வந்துடறேன். கொட்டகைக்குப் பின்னால நிறுத்திக்க. வெயில் வந்ததும் போ. வாடகையா வாரம் ஒரு ஆப்பிள் பை சுட்டுக் குடு, போதுமா?"

"நீ என் ஆப்பிள் பையைத் தின்னதில்லயே. தின்னிருந்தா இப்படிக் கேக்க மாட்ட."

சிக்கல் பிளக்கில் வந்தது. டிரெய்லரிலிருந்து வரும் வயரின் முனையில் ஏழு பின் உருண்டை பிளக். ராய்ஸின் பிக்கப்பில் இருந்ததோ நாலு பின் தட்டை பிளக். இருவரும் ஊருக்கு இறங்கி உதிரிபாகக் கடைக்குப் போனார்கள். கல்லாவில் ஜோலீன் என்ற இளம்பெண்.

"ரெண்டு வழி இருக்குங்க. இது அடாப்டர். இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் ஏழு. சொருகினா வேலை முடிஞ்சது. ஆனா நாலு வயர்ல வர்றது விளக்குக்கு மட்டுந்தான். டிரெய்லர் சக்கரத்துல இருக்குற பிரேக்குக்கு கரண்ட் போகாது. அது வேணும்னா வண்டிக்கே ஏழு பின் வயர் இழுத்து, ஸ்டியரிங் பக்கத்துல பிரேக் பெட்டி ஒண்ணு மாட்டணும்."

"எப்ப மாட்டிக் கொடுப்பீங்க, கண்ணு?" என்று வெர்லா கேட்டார்.

"மெக்கானிக் வெள்ளிக்கிழமைதான் வருவாரு."

பனி புதன்கிழமை என்று வானொலி சொல்லியிருந்தது. அன்று திங்கள்.

"வெள்ளிக்கிழமைக்கும் எழுதிக்க, வெயில் வந்து திரும்ப மேல இழுக்கறப்ப ஆகும். இப்போதைக்கு அடாப்டர் குடு" என்றார் ராய்ஸ். "ஒரு மணி நேரப் பாதை. என் வண்டி பிரேக்கே ஒரு எருதை நிறுத்தும்."

"இது ஒரு எருது இல்லீங்களே" என்றாள் ஜோலீன். ராய்ஸ் சிரித்தார்.

செவ்வாய் காலை. டிரெய்லரைக் கட்டி, சங்கிலி மாட்டி, பிளக்கைச் சொருகினார்கள். பிறகு இங்கே எல்லோரும் செய்யும் விளக்குப் பரீட்சை. ஒருவர் வண்டிக்குள், ஒருவர் பின்னால். எல்க் மான் வேட்டைக்கு வந்து மூட்டை கட்டிக்கொண்டிருந்தவர்களும் காப்பிக் கோப்பையோடு கூடிவிட்டார்கள்.

"இடது!"

"எரியுது!"

"வலது!"

"எரியுது!"

"பிரேக்கை மிதிக்கிறேன், பாரு!"

"ரெண்டும் சிவப்பு! கிறிஸ்துமஸ் மரமாட்டம் இருக்கு, ராய்ஸ்!" என்று ஒரு வேட்டைக்காரர் கத்தினார். கைதட்டல்.

வெர்லா தட்டவில்லை. வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"டெல்மர் இதோட விடமாட்டான், ராய்ஸ். நடக்குற வேகத்துல உருட்டுவான். அப்புறம் அந்த பிரேக் பெட்டியில இருக்குற குச்சியை விரலால அமுக்குவான். டிரெய்லர் பிரேக் மட்டும் பிடிக்கும், பின்னாலேருந்து வீடு நம்ம சட்டையைப் பிடிச்சு இழுக்குற மாதிரி இருக்கும். அந்த இழுப்பு வந்தாத்தான் கிளம்புவோம்."

"என் வண்டியில பெட்டியே இல்லயே, எதை அமுக்க?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

"நாப்பது வருஷமா வைக்கோல் வண்டி இழுக்கறேன், வெர்லா. ஏறு."

வெர்லா ஏறினார். ஏன் ஏறினீர்கள் என்று பிறகு நானும் கேட்டேன். "சும்மா உதவி செய்ய வந்தவன்கிட்ட ரெண்டாவது தடவை எப்படிக் கேக்கறது?" என்றார். இந்தப் பள்ளத்தாக்கில் யாரும் அப்படிக் கேட்பதில்லை. உதவியை வாங்கினால் உதவி செய்பவரின் முறையையும் சேர்த்து வாங்க வேண்டும்.

முகாமுக்கு வெளியே வந்ததும் வெர்லா இறங்கிக் கேட்டைப் பூட்டினார். சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுப் பொத்தானிட்டார்.

மலையிலிருந்து இறங்கும் ஏழு மைல் சரிவில் முதல் இரண்டு மைல் சுகமாகப் போனது. ராய்ஸ் கியரைக் குறைத்தே ஓட்டினார், அவர்மேல் அந்தக் குற்றம் சொல்ல முடியாது. மூன்றாவது மைலில் எதுவோ கருகும் வாடை வந்தது.

"அது நாமளா?" என்றார் வெர்லா.

"முன்னால போற லாரியா இருக்கும்."

முன்னால் லாரி எதுவும் இல்லை.

வீடு பின்னாலிருந்து இழுக்கவில்லை, தள்ளியது. ராய்ஸ் மிதிக்க மிதிக்கப் பெடல் இளகி, கடைசியில் தரையைத் தொட்டது. பிரேக் இழந்த லாரிகள் ஏறி நிற்பதற்கான சரளைமேடு இன்னும் ஒரு வளைவு தாண்டி இருந்தது. அந்த வளைவில் டிரெய்லர் பக்கவாட்டில் வீசியது. பிக்கப்பின் பின்பகுதியைத் தூக்கியது, கொக்கி பிய்ந்தது, சங்கிலி அறுந்தது. பிக்கப் மலைப்பக்கத்து ஓடையில் மூக்கைக் குத்தி நின்றது. வெர்லா கண்ணாடியில் பார்த்தபோது பின்னால் சாலை மட்டும் இருந்தது.

வீடு கீழே, பள்ளத்தில், பக்கச்சுவர் பிளந்து கிடந்தது. மெத்தை ஒரு பாறைமேல். அலமாரிக் கதவு ஒன்று இன்னும் சாத்தியபடி. ராய்ஸுக்கு ஒரு விலா எலும்பு முறிந்தது. வெர்லாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. வந்த காவலர், "உயிர் தப்பிச்சீங்களே, அது போதும்மா" என்றார்.

"எதுக்குப் போதும்?" என்றார் வெர்லா.

கோபத்தில் கேட்கவில்லை. பதில் தெரிந்தால் தேவலை என்கிற மாதிரி கேட்டார். காவலர் தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டார்.

புதன்கிழமை சொன்னபடி பனி விழுந்தது. மாலைக்குள் மேலேயிருந்து பார்த்தால் பள்ளத்தில் ஒரு வெள்ளை மேடுதான் தெரிந்தது.

வெர்லா இப்போது லூதரன் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில், மடக்கு நாற்காலிகள் அடுக்கிய அறையில் படுக்கிறார். ராய்ஸ் ஒருமுறை வந்தார். விலாவைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"ஏதாவது சொல்லு, வெர்லா. திட்டவாவது செய்."

"விளக்கெல்லாம் எரிஞ்சுதே, ராய்ஸ்" என்றார் வெர்லா. ராய்ஸ் போன பிறகு, சாப்பாடு கொண்டுபோயிருந்த என்னிடம், "ராத்திரி கண்ணை மூடினா அந்த இழுப்புக்காகத்தான் காத்துட்டிருக்கேன். வரவே மாட்டேங்குது" என்றார்.

வெள்ளிக்கிழமை வேலையை ராய்ஸ் ரத்து செய்யவில்லை. மெக்கானிக் வந்து, ஓடையிலிருந்து இழுத்துவந்த நசுங்கிய பிக்கப்பில் ஏழு பின் பிளக்கையும் பிரேக் பெட்டியையும் மாட்டிவிட்டுப் போனார். வெர்லா வரும் திங்கட்கிழமை பள்ளிச் சமையலறையில் பாத்திரம் கழுவும் வேலையில் சேர்கிறார். டிரெய்லரைத் தூக்கும் கிரேன், பனி உருகியதும், மே மாதம் வரும்.