பூச்சு இல்லாத இடுப்பு

அந்தமானில் மாயாபந்தர் படகுப் பட்டறையில் பெயிண்டராக இருந்த பரமசிவத்துக்குப் பூச்சு அடிக்காத உலோகத்தின்மேல் நம்பிக்கையே கிடையாது. உப்புக் காற்றுக்கு ஒரு மழைக்காலம் போதும் என்பார். அப்படிப்பட்டவர் 1968இல் சாரத்திலிருந்து விழுந்து இடது இடுப்பை முறித்துக்கொண்டார். கப்பலில் மெட்ராஸுக்குக் கொண்டுபோனார்கள். தொடையெலும்புக்குள் உலோகத் தண்டு ஒன்றையும் அதன் தலையில் பளபளக்கும் உருண்டையையும் வைத்தார்கள்.

"இதுக்கு என்ன பூச்சு சார் குடுத்திருக்கீங்க?"

"பூச்சே இல்லை," என்றார் டாக்டர். "தண்டுல ஓட்டை இருக்கு. எலும்பு வளர்ந்து அதுக்குள்ள புகுந்து பிடிச்சுக்கும்."

"துரு?"

"பிடிக்காது."

பரமசிவம் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு வந்தார்.

ஊர் திரும்பியதும் கருவாட்டை விட்டார். கடல் தண்ணீரில் கால் வைப்பதையும் விட்டார். படகிலிருந்து கரையிறங்க வேண்டுமென்றால் மேஸ்திரி ராஜமாணிக்கம் முதுகில் சுமக்க வேண்டும். ஞாயிறுதோறும், படகின் அடித்தகட்டைச் சோதிப்பதுபோல, சின்னச் சுத்தியலால் இடுப்பைத் தட்டிக் காதைச் சாய்ப்பார். நல்ல தகடு கணீர் என்னும். துரு தின்ற தகடு மொத்தென்னும். இடுப்பு மொத்தென்றது.

"சதையைத் தட்டினா அப்படித்தாங்க கேக்கும்," என்றாள் மனைவி கமலாட்சி. "கணீர்னு கேக்கணும்னா தலையத் தட்டிப் பாருங்க."

டாக்டர் சரி என்னும்வரை சாரம் ஏறக்கூடாது என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். கீழே உட்கார்ந்து பெயிண்ட் கலக்கும் வேலை. மற்றவர்கள் பெயிண்ட் அடிக்கும் லட்சணத்தைப் பார்த்துப் பார்த்துப் பரமசிவம் வெந்துபோனார். மூன்றாம் வருடம் வலி வந்தது. "அரிச்சிருச்சு. இனிமே சாரம் கிடையாது," என்று எல்லாரிடமும் சொன்னார்.

போர்ட் பிளேரில் டாக்டர் திருநாவுக்கரசு எக்ஸ்ரே எடுத்தார்.

"வலி எங்கே?"

பரமசிவம் வலது முழங்காலைக் காட்டினார்.

"இடுப்பு ஏக்தம் பக்கா. எலும்பு நல்லாப் பிடிச்சிருக்கு. நீங்கதான் அதுமேல பாரமே போடலை. மூணு வருஷமா உங்க முழு உடம்பையும் சுமந்து இந்தக் கால் தேஞ்சிருக்கு. சாரம் ஏறுங்க. இடது காலை முதல்ல வையுங்க."

மறுவாரம் பட்டறையில் ஏணியின் முதல் படியில் இடது காலை வைத்தார். நின்றார். கீழே கமலாட்சியும் மேஸ்திரியும் ஏணியைப் பிடித்துக்கொண்டார்கள். மெதுவாக உடம்பை அதன்மேல் ஏற்றினார். தாங்கியது.

"என்னங்க சொல்லுது?"

"சும்மா இரு கமலா."

மேலே போய்விட்டார். 1978 ஆடியில் கடைசிக் காய்ச்சலில் விழுந்த நாள்வரை சாரத்தில்தான் நின்றார். அந்த வருடமும் இடுப்பைப் பற்றிக் கேட்டால் மட்டும், "பத்து வருஷம்தானே ஆகுது, பார்ப்போம்," என்பார்.