பால்கனி ஓரமாகப் போன மாடி பஸ்

ஒன்பது வருடம் அவள் சுற்றுலா அலுவலகத்தின் டிக்கெட் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியில் வெட்டிய அரைவட்ட ஓட்டை வழியாக வருகிறவர்களின் விரல்கள் மட்டும்தான் தெரியும். ஆனாலும் வாய் ஓயாது. பக்கத்துக் கூண்டுக்காரர்கள் அவளுக்கு ‘ரேடியோ’ என்று பெயர் வைத்தார்கள். ஊர் சுற்றிக் காட்டும் மாடி பஸ்ஸில் வழிகாட்டி இடம் காலியானதும் மேனேஜர் மைக்கை அவள் கையில் கொடுத்துவிட்டார்.

“மேல போய்ப் பேசும்மா. எங்க காதாவது பிழைக்கட்டும்.”

இரண்டாவது வாரம், கடிகாரக் கோபுரத்தைத் தாண்டியதும் கீழேயிருந்து டிரைவர் போனில் கூப்பிட்டார்.

“தங்கச்சி, குழாய் போட மெயின் ரோட்டைத் தோண்டிட்டாங்க. உங்க தெரு வழியாத்தான் போகணும்.”

“எங்க தெருவா? அங்க காட்டுறதுக்கு என்னண்ணே இருக்கு?”

“அது உன் பாடு. நான் ஓட்டுறேன், நீ பேசு.”

கூரையில்லாத மேல்தளத்தில் நாற்பது பேர். பஸ் நத்தையாய் ஊர்ந்தது. கீழே நின்று அண்ணாந்து பார்த்துப் பழகிய பால்கனிகள் இப்போது கைக்கெட்டும் தூரத்தில் வந்தன. அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“இடது பக்கம் பாருங்க, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். பேப்பர் படிக்கிற மாதிரி தூங்குவார். பேப்பர் மட்டும் நழுவாது.”

சிரிப்பு எழுந்தது. அவளுக்குத் தெம்பு வந்தது. அடுத்தது அவள் வீடு.

தபால் அலுவலகத்தில் வேலை பார்க்கும் அவள் கணவர் அன்று காலை, “இடுப்பு பிடிச்சிக்கிச்சு, அசைய முடியல” என்று லீவு போட்டிருந்தார். அவள்தான் தைலம் தேய்த்துவிட்டு வந்தாள். அந்த மனிதர் இப்போது பால்கனியில் பாட்டை அலறவிட்டு, துடைப்பத்தைக் கட்டிப்பிடித்து ஆடிக்கொண்டிருந்தார். இடுப்பு எட்டுத் திசையிலும் சுழன்றது.

“வலது பக்கம் இருக்கிறது என் வீட்டுக்காரர்,” என்றாள் மைக்கில். “காலையிலேருந்து இடுப்பு வலியில படுத்த படுக்கையா இருக்கார்.”

நாற்பது பேரும் போனைத் தூக்கினார்கள். அவர் திரும்பினார். ஆறடி தூரத்தில் மனைவி. சிலையாய் நின்றவர், மெல்ல ஒரு கையை இடுப்பில் வைத்து “அம்மா!” என்று முனகினார். மேல்தளமே கைதட்டியது.

சாயங்காலம் அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

“ஊர் முன்னாடி என் மானத்தை வாங்கிட்டியே!”

“நான் எங்க வாங்கினேன்? நீங்கதான் பால்கனியில நின்னு இலவசமா கொடுத்துக்கிட்டு இருந்தீங்க.”

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

குழாய் வேலை மூன்று வாரம் இழுத்தது. தெருவும் சும்மா இருக்கவில்லை. வாத்தியார் இஸ்திரி போட்ட சட்டையோடு தூங்க ஆரம்பித்தார். மூன்றாவது வீட்டுத் தையல்காரம்மா புதிதாகத் தைத்த கவுன்களைப் பால்கனியில் தொங்கவிட்டு, பஸ்ஸில் போகிறவர்களிடமே அளவு கேட்டு வாங்கினாள். ரோடு சரியானதும் பஸ் பழைய வழிக்குத் திரும்பியது. ஆனால் பயணிகள், “அந்த இடுப்பு வலிக்காரர் தெரு எங்கே?” என்று கேட்டார்கள்.

“ஒரு தடவை நீங்களே வந்து பாருங்க சார்,” என்று அவள் மேனேஜரை மேலே ஏற்றினாள். பஸ் மறுபடி அந்தத் தெருவுக்குள் நுழைந்ததும் கொடியில் கிடந்த ஈரத் துண்டு அவர் முகத்தில் சப்பென்று அறைந்தது. அவள் பதறிப்போனாள். அவர் துண்டாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு, “கொடியை ஒரு முழம் மேல கட்டச் சொல்லு. இனிமே பஸ் வழி இதுதான்” என்றார்.

புது வழியில் பஸ் ஓடத் தொடங்கிய முதல் ஞாயிறன்று அவள் கணவரும் டிக்கெட் எடுத்து முன்சீட்டில் உட்கார்ந்தார். தங்கள் வீட்டருகே வந்ததும் துள்ளி எழுந்தார்.

“ஏய், ஜன்னல் சன்ஷேடு மேல பாரு! போன வருஷம் தொலைஞ்ச என் செருப்பு! அண்ணே, நிறுத்துங்க!”

“நம்ம பஸ் நடுவுல நிக்காதுங்க,” என்றாள் அவள் மைக்கில். நாற்பது தலைகளும் செருப்பின் பக்கம் திரும்பின.