தன் வரிகளுக்கே மேற்கோள் குறி

வாக்கியத்தின் தலையில் ஒரு மேற்கோள் குறி, வாலில் ஒன்று, அதன்பின் அடைப்புக்குள் ஒரு தொண்டு நிறுவனத்தின் பெயர். தாம்பரத்தில் எங்கள் கல்லூரியின் ஆய்வு மாணவர் அறையில் ஒரு மதியம் முழுக்க அக்கா இதையே செய்துகொண்டிருந்தார். டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. அக்கா என்றால் கூடப் பிறந்தவர் அல்ல. பல வருடம் வேலை பார்த்துவிட்டு முனைவர் பட்டத்துக்கு வந்து சேர்ந்தவர். அந்த அறையில் எல்லோருக்குமே அக்கா. அன்று அவர் மேற்கோள் குறி போட்ட வாக்கியங்கள் அத்தனையும் அவரே எழுதியவை.

முன்பு பெருங்களத்தூரில் ஒரு தொண்டு நிறுவனத்தில் இருந்தார். மழை விட்டதும் பீர்க்கன்கரணை ஏரிக்கரை வீடுகளில் ஏறி இறங்கி, வெள்ளம் பற்றிய அறிக்கை ஒன்றை எழுதினார். "தண்ணி வந்தா இன்னா பண்றது? கட்டில் மேல அடுப்ப வச்சிகினு ஆக்க வேண்டியதுதான்" என்று ஓர் அம்மாள் சொன்னாராம். 'மழைக்காலத்தில் இங்கே கட்டில்தான் சமையலறை' என்று அக்கா எழுதினார். அறிக்கை வந்தபோது அட்டையில் நிறுவனத்தின் பெயர் மட்டும் இருந்தது. அங்கே வழக்கம் அப்படி. யார் எழுதினாலும் பெயர் போடமாட்டார்கள், யாரும் கேட்கவும் மாட்டார்கள். "சம்பளம் குடுக்கறாங்க, பேரு வேற எதுக்கு?" என்று அக்காவே சிரிப்பார்.

அந்தப் பக்கங்களை அவர் தன் ஆய்வேட்டில் அப்படியே எடுத்து வைத்தார். நம் வீட்டுக் குழம்பை ஊற்றிக்கொள்ள யாரிடம் கேட்பது? ஆனால் ஒப்புமை பார்க்கும் மென்பொருளில் அந்த அத்தியாயத்தில் பாதிக்கு மேல் சிவப்பாக வந்தது. அவர் ஆய்வை மேற்பார்க்கும் கைடு கூப்பிட்டார்.

"இது காப்பிம்மா."

"சார், அது நான் எழுதினது."

"கவர்ல உங்க பேரு எங்கம்மா இருக்கு? ஒரு அமைப்போட அறிக்கைன்னா அந்த அமைப்புதான் ஆசிரியர். இப்படியே அனுப்பினா பதிவே போயிடும்."

கைடு கெட்டவர் இல்லை. எழுதியது நீங்கள்தான் என்று ஒரு கடிதம் வாங்கி வரச் சொன்னார். நிறுவனத்து டைரக்டர் மேடம் அக்காவுக்குக் காபி கொடுத்து, "ஒருத்தர் எழுதினதுன்னு நான் எப்படிக் குடுக்கறது? அது நம்ம எல்லாரோட ரிப்போர்ட் இல்லையா?" என்று அனுப்பிவிட்டார். மறுநாள்தான் அந்த மேற்கோள் குறிகள்.

விதியைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. இன்று நானே அதைத்தான் வகுப்பில் சொல்லித் தருகிறேன். அட்டையில் யார் பெயர் இருக்கிறதோ அவரே ஆசிரியர். அமைப்பின் பெயர் மட்டும் இருந்தால் அமைப்பே ஆசிரியர். வாசிக்கிறவர் தேடிப் போனால் அந்த அறிக்கை கிடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

வாய்மொழித் தேர்வில் நான் கடைசி வரிசையில் இருந்தேன். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் பக்கங்களைப் புரட்டினார். "கட்டில்தான் சமையலறை. என்ன வரி! அந்த நிறுவனத்துக்காரங்க பிரமாதமா பண்ணியிருக்காங்க. சரிம்மா, மேற்கோளையெல்லாம் எடுத்துட்டா இந்த அத்தியாயத்துல உங்களோடது என்ன இருக்கு?"

கைடு தன் பேனா மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுதியது தான்தான் என்று அக்கா சொல்லிவிடுவார் என நினைத்தேன். சொன்னால் பழைய சிவப்புப் பக்கங்கள் மறுபடி மேசைக்கு வரும், பட்டம் கையைவிட்டுப் போனாலும் போகும். அது அவருக்கும் தெரியும்.

"அதிகமில்ல சார்," என்றார் அக்கா.

பட்டம் கிடைத்தது. கைதட்டினோம், சமோசா சாப்பிட்டோம். எனக்குக் கோபமோ அழுகையோ வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு போல உள்ளே மரத்துக் கிடந்தது. அக்காவுக்கு எப்படி இருந்தது என்று நான் கேட்கவில்லை.

இப்போது சிறுசேரியில் ஒரு கம்பெனியின் சமூக சேவைப் பிரிவில் இருக்கிறார். வருடாவருடம் அறிக்கை எழுதுகிறார், அட்டையில் கம்பெனி பெயர். போன மாதம் கோவிலம்பாக்கத்தில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். மாணவர்களுக்குக் காட்ட அந்த வெள்ள அறிக்கையைப் பிரதி எடுத்துப் பையில் வைத்திருந்தேன். அக்கா வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கம் நிதானமாகப் படித்தார். பார்த்த வீடுகள், பேசிய அம்மாள் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.

"நல்லா எழுதியிருக்காங்கல்ல?" என்றார்.

கிண்டல் செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. அடுத்த பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.