பல் செட்டும் தண்ணீர்ச் சொட்டும்

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். எனக்குப் பல் வந்த பிறகுதான் சொல் போனது.

ஈறு கெட்டு எல்லாப் பல்லையும் எடுத்துவிட்டுச் செட் வைத்தார்கள். மேல் செட் நன்றாக நின்றது. கீழ் செட்தான் நான் வாயைத் திறந்தால் தானும் எழுந்து நிற்கும். ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஒட்டுகிற மேஜையில் இருந்த காலமெல்லாம் கையைவிட வாய்க்குத்தான் வேலை ஜாஸ்தி. அப்பேர்ப்பட்டவள் தலையாட்டியே பதில் சொல்ல ஆரம்பித்தேன்.

பக்கத்து வீட்டுக்காரி அதே மேஜையில் என்னோடு வேலை பார்த்தவள். உருது பேசுகிற வீடு. என்னிடம் வாய் ஓயாது; புது ஆட்களைக் கண்டால் அடங்கிவிடுவாள். கணவர் இல்லை. அவள் மகளும் கம்பெனியில்தான் தைக்கிறாள். பேரணாம்பட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக இருந்தது.

"பொம்பளைங்ககிட்ட நீதான்க்கா பேசணும். கல்யாணம் ஆனாலும் வேலைய உடமாட்டேன்னு பொண்ணு ஒத்தக்கால்ல நிக்கிறா. அத கேக்க எனக்கு வாய் வராது."

"எனக்கு வாயே கையில வருதும்மா" என்றேன்.

பல் டாக்டர் பார்த்துவிட்டு, "செட் சரியாத்தான் இருக்கு, ஈறுதான் தேஞ்சிருக்கு. ஒட்டுற பேட் வாங்கி வைங்க" என்றார். மெடிக்கலில் வாங்கினேன். மெல்லிய துணி மாதிரி, குதிரை லாடம் வடிவத்தில் இருந்தது. அட்டையில் இங்கிலீஷ் எழுத்து. ஓரத்தில் தண்ணீர்ச் சொட்டுப் படம். எனக்கா ஒட்டத் தெரியாது? ஷூவில் சொல்யூஷன் பசை தடவி, விரலில் ஒட்டாத அளவு காயவிட்டுத்தான் அழுத்துவோம். ஈரம் பட்டால் போச்சு. செட்டைத் துடைத்தேன், ஈறையும் துணியால் துடைத்தேன், பேடை உலர்ந்தபடியே வைத்து அழுத்தினேன். முதல் வாய் டீயிலேயே எல்லாம் கழன்றது.

சனிக்கிழமை வந்த பக்கத்து வீட்டுக்காரி, "இன்னாக்கா, நாளைக்கும் ஊமைதானா?" என்றாள். அட்டையைக் காட்டி, தண்ணி படக்கூடாது என்று போட்டிருக்கிறதே, வாய்க்குள் அது எப்படி நடக்கும் என்று கேட்டேன்.

அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கொட எங்கக்கா?"

ஷூ போகிற பெட்டியில் குடையும் சொட்டும் சேர்ந்தே இருக்கும். நனைக்காதே என்று அர்த்தம். இதில் வெறும் சொட்டு.

"கொட இல்லன்னா நனைன்னுதானே அர்த்தம்? இத்தன வருசம் பொட்டி பாத்திருக்க."

செட்டைக் கழுவித் துடைத்தோம். பேடை மட்டும் தண்ணீரில் நனைத்து உள்பக்கம் பரப்பினேன். வெளியே நீட்டியதைக் கத்தரியால் நறுக்கினேன். வாயில் வைத்து அழுத்தி, கொஞ்ச நேரம் கடித்துக்கொண்டு இருந்தேன். அப்புறம் வாயைத் திறந்து ஏசினேன், அவளைத்தான். செட் அசையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் புதுப் பேட் வைத்துக்கொண்டு போனேன். உள் அறையில் பெண்கள் மட்டும். மாப்பிள்ளையின் அம்மா சமையல் கேட்டார், தொழுகை கேட்டார், ஓதத் தெரியுமா என்று கேட்டார். என் தோழி முந்தானையை முறுக்கிக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"ஒண்ணு முன்னாடியே சொல்லிடறோம்மா" என்றேன். "பொண்ணு வேலைய உடமாட்டா. பின்னாடி பேஜார் வேணாம். அதுக்குச் சரின்னா மேல பேசலாம்."

அந்த அம்மா டம்ளரைக் கீழே வைத்தார். கதவுக்குப் பின்னால் பெண்ணின் வளையல் சத்தம் நின்றுவிட்டது.

"கம்பெனி வண்டி எங்க பக்கம் வருதா?" என்று கேட்டார்.

"வருது" என்றேன்.